அக்கா திருத்தக் கொடுத்த போன்

என் மேசையில் ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் உண்டு. வலது மூலையில் முகம் துடைக்க நான்காக மடித்த கைலேஞ்சி, அதன் மேல் போன். இடது மூலையில் கண்ணுக்கு விடும் மருந்துப் போத்தல். நடுவில் ஒன்றும் இருக்கக் கூடாது. கண் நன்றாகத் தெரிந்த காலத்திலும் இப்படித்தான் வைத்திருந்தேன். அப்போது அக்கா அதைப் பைத்தியம் என்றாள். இப்போது வீட்டுக்கு வருகிறவர்களிடம் அதே மேசையைக் காட்டி, "எவ்வளவு கெட்டிக்காரத்தனமா வச்சிருக்கா பாருங்க" என்கிறாள்.

அந்த வெள்ளிக்கிழமை நான் எழும்பியபோது என் பேசும் கைக்கடிகாரம் பதினொன்று இருபது என்றது. இது என் வாழ்க்கையில் நடக்காத காரியம். முதல் நாள் மாலை மழையில் லேசாக நனைந்து, இரவு காய்ச்சல் வந்து, மாத்திரை போட்டுப் படுத்திருந்தேன். எழும்பியதும் மேசைக்குப் போய்க் கையை நீட்டினேன். கைலேஞ்சி இருந்தது. அதன் மேல் ஒன்றும் இல்லை.

அந்தப் போனில் என்ன இருந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். என் நாட்குறிப்பு இருந்தது.

இருபத்திரண்டு வயதில் ஓர் அரச அலுவலகத்தில் இலிகிதராகச் சேர்ந்த நாளிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். வருடத்துக்கு ஒரு தடித்த சீஆர் கொப்பி. ஒரு நாளும் விட்டதில்லை. மொத்தம் இருபத்தொன்பது கொப்பிகள் என் அலுமாரியின் கீழ்த்தட்டில் பூட்டிக் கிடக்கின்றன. சாவி என் கழுத்துச் சங்கிலியில், மாதா மெடலுக்குப் பக்கத்தில். இவ்வளவு பாதுகாப்பு ஏன் என்றால், காரணம் அக்கா. பதினாலு வயதில், மடுல்கெல்லையில் அப்பா தோட்டத்துக் கிளாக்கராக இருந்த காலத்தில், நான் எழுதிய முதல் நாட்குறிப்பை அக்கா கண்டுபிடித்து, இராச்சாப்பாட்டு நேரத்தில், எல்லோருக்கும் கேட்கும்படி, உணர்ச்சியோடு வாசித்தாள். பக்கத்து வகுப்பில் படித்த ஒருவரைப் பற்றி அதில் மூன்று வரி இருந்தது. அப்பா சோற்றில் கை வைத்தபடி கேட்டுவிட்டு, "திகதி போடல" என்று மட்டும் சொன்னார். அன்று முதல் நான் திகதி போடுகிறேன், பூட்டும் போடுகிறேன்.

அக்கா பிறகு ஆசிரியையாகி, கலியாணம் கட்டி, அத்தான் காலமாகி, ஓய்வும் பெற்று, இப்போது வத்தேகமவில் என்னோடுதான் இருக்கிறாள். எனக்கு ஐம்பத்திரண்டு, அவளுக்கு அறுபது. வீதியிலிருந்து எங்கள் வீட்டுக்குக் கல்படிகள் ஏற வேண்டும். அந்தப் படிகளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

என் கண்நோய் விழித்திரையில். ஓரங்கள் முதலில் போயின. பிறகு ஒரு குழாய் வழியாகப் பார்ப்பது போல இருந்தது. பிறகு குழாயும் மெல்லியதாகி, இப்போது வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது ஓரளவு தெரியும், அவ்வளவுதான். நான் தடித்த கறுப்புப் பேனா வாங்கினேன். எழுத்தைப் பெரிதாக்கினேன். பக்கத்துக்கு ஆறு வரி என்று கணக்கு வைத்து, அடிமட்டத்தைக் கொப்பியின் மேல் வைத்து, அதன் ஓரமாக எழுதினேன். வேலை ஒழுங்காகத்தான் போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலையில் அக்கா பிளேன்டீயை வைத்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள்:

"அடியே, நேத்து எழுதுனதுக்கு மேலயே இன்னிக்கும் எழுதியிருக்க. முந்தாநாளும் அதுக்குள்ளதான் கெடக்கு."

மூன்று நாள் ஒன்றின் மேல் ஒன்றாக. இதில் எனக்கு இரண்டு துக்கம். ஒன்று, இனி என்னால் எழுத முடியாது. மற்றது, அக்கா வாசித்திருக்கிறாள்.

"நீ சொல்லு, நான் எழுதித் தாறேன். என் கையெழுத்து உன்னுதவிட நல்லாத்தானே இருக்கும்" என்றாள்.

நல்ல மனதோடுதான் சொன்னாள். ஆனால் என் நாட்குறிப்பில் மூன்றில் இரண்டு பங்கு அக்காவைப் பற்றியது. அதை அவளிடமே சொல்லி அவளைக் கொண்டே எழுதுவிப்பது எப்படி?

கண்டியில், பார்வை குறைந்தவர்களுக்குத் தொடுதிரை போன் பழக்கும் வகுப்பு ஒன்று மாதா கோயில் மண்டபத்தில் நடப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். பழக்கியவர் கலஹாவிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர். அவருக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. அவருடைய போன் பேசிய வேகத்தைக் கேட்டபோது, யாரோ தகரத்தில் அரிசி கொட்டுகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

"மொதல்ல இது என்னா பேசுதுன்னே வெளங்காதுங்க" என்றார் அவர். "ரெண்டு மாசம் போனா, இது ஏன் இவ்வளவு மெதுவா பேசுதுன்னு நீங்களே கேப்பீங்க."

சொன்னபடியே ஆயிற்று. திரைவாசிப்பான் என்பது லேசான காரியம்தான், பழகிய பிறகு. விரலால் திரையைத் தடவினால், விரலுக்குக் கீழே இருப்பதை ஒரு பெண் குரல் சொல்லும். வேண்டியது வந்ததும் இருமுறை தட்ட வேண்டும். ஒருமுறை தட்டினால் என்ன இருக்கிறது என்று வாசித்துக் காட்டும், அவ்வளவே. எழுத்துகளையும் அப்படித்தான் ஒவ்வொன்றாகத் தேடித் தட்டுவது. முதல் நாள் "மழை இல்லை" என்று எழுத எனக்குப் பதினாறு நிமிடம் பிடித்தது. ஆனால் அந்த வரி வேறு எந்த வரியின் மேலும் ஏறாமல் தனியாக நின்றது. மூன்று முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். மூன்று முறையும் மழை இல்லை.

வீட்டில்தான் சிக்கல் தொடங்கியது. போனுக்குள் இருந்த அந்தப் பெண்ணுக்கு இரகசியம் என்றால் என்னவென்று தெரியாது. போனைத் திறக்கும் நான்கு இலக்கங்களையும் நான் தட்டத் தட்ட உரக்கச் சொன்னாள். குசினியில் சமைத்துக்கொண்டே அக்கா கத்தினாள்:

"அது அப்பா செத்த வருஷமாச்சே! வேற போடுடி, அது சொந்தக்காரங்க எல்லாருக்கும் தெரியும்."

அக்காவின் காலை வணக்கங்கள் இன்னொரு சிக்கல். அவள் அடுத்த அறையிலிருந்துதான் அனுப்புவாள். என் போன் அதை இப்படி வாசிக்கும்: "காலை வணக்கம் சிவப்பு ரோஜா சிவப்பு ரோஜா சிவப்பு ரோஜா கூப்பிய கைகள் கூப்பிய கைகள் கூப்பிய கைகள் ஒளிரும் நட்சத்திரம் சூடான பானம்." இடையில் மூச்சு விடாது.

"ஏன் இத்தனை பூ?" என்று கேட்டேன்.

"பாக்க அழகா இருக்குமேன்னு போட்டேன்."

"எனக்கு எங்கே பார்க்கிறது? கேட்கத்தானே வேணும்."

"அதுக்காக உனக்கு ஒரு பூ அனுப்பக் கூடாதா?"

மறுநாளிலிருந்து ஒரே ஒரு ரோஜா வந்தது.

நான் காதுக்கு இயர்போன் போட்டுக்கொண்டேன். குரல் எனக்கு மட்டும் கேட்டது. ஆனால் ஒரு மாலையில் நான் எழுதிக்கொண்டிருக்கும்போது, என் தோளுக்குப் பின்னால் சித்தாலேப மணம் வந்தது. அக்கா முழங்காலுக்குத் தேய்க்கும் தைலத்தின் மணம். நான் விரலை நிறுத்தினேன். மணமும் நின்றது. ஓர் எழுத்து தட்டினேன். மூச்சு விடும் சத்தம் கேட்டது.

"என்ன அக்கா?"

"ஒன்னுமில்ல. ஜன்னல் பூட்டியிருக்கான்னு பாத்தேன்."

ஜன்னல் எனக்கு எதிர்ப்புறம்.

அடுத்த வகுப்பில் கலஹாக்காரரிடம் இதைச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அவங்களுக்குக் கரண்ட்ட கட் பண்ணிருங்க" என்றார். திரைவாசிப்பானில் 'திரையை மறை' என்று ஒரு வசதி இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் திரை முழுக்கக் கறுப்பாகிவிடும். போன் வழக்கம்போல வேலை செய்யும், பேசும், எழுதும். பார்க்கிறவர்களுக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. "நமக்கு வெளிச்சம் எதுக்குங்க? பக்கத்து ஸீட்டுக்காரருக்கா?"

அன்றே திரையை மறைத்தேன். நான்கு மாதம் சொர்க்கம். சித்தாலேப மணம் இரண்டு முறை வந்து, சிறிது நேரம் நின்று, ஏமாந்து போனது. இரண்டையும் நாட்குறிப்பில் நேரத்தோடு குறித்திருக்கிறேன்.

இப்போது அந்த வெள்ளிக்கிழமைக்கு வரலாம்.

பதினொன்று ஐம்பதுக்கு அக்கா மார்க்கட் பைகளோடு வந்தாள். படியேறி வந்த களைப்பிலும் குரலில் ஒரு சந்தோஷம்.

"காய்ச்சல் விட்டிருச்சா? படு, படு. உன் போனத் தேடாத. கண்டியில திருத்தக் குடுத்திருக்கேன்."

"திருத்தவா? என்ன பழுது?"

"பாவம், உனக்கு எப்படித் தெரியும்?" அக்காவின் குரல் தாழ்ந்தது. "காலையில மணி அடிச்சிச்சு, எடுக்கலாம்னு பாத்தா திரை செத்துப் போச்சுடி. கும்மிருட்டு. எத்தனை நாளா அப்படிக் கெடந்துச்சோ. சத்தம் வருது, படம் வரல. நீ அது தெரியாமலேயே இத்தனை நாளா தட்டிக்கிட்டு இருந்திருக்க. எனக்கு மனசே கேக்கல."

உண்மையைச் சொன்னால், ஏன் மறைத்தேன் என்று சொல்ல வேண்டும். சும்மா இருந்தால், கடைக்காரர் ஒன்றும் பழுதில்லை என்று திருப்பித் தந்துவிடலாம். அப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே அக்கா சொன்னாள்:

"திரையில கோளாறு இல்லையாம். போடுறப்ப வெளிச்சம் வருதாம், பொறகு தானே கண்ண மூடிக்கிதாம். உள்ளுக்குள்ளதான் கோளாறாம். எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா ஏத்தணுமாம். சரின்னு சொல்லிட்டேன்."

"எல்லாத்தையும்னா?"

"எல்லாத்தையுந்தான். சுத்தமா."

நான் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். நாட்குறிப்பின் பிரதி வேறெங்கும் கிடையாது. பிரதி எடுப்பதற்கு யாராவது கண் தெரிந்தவர் உதவ வேண்டியிருந்தது, உதவுகிறவர் பார்த்துவிடுவாரே என்று தள்ளிப்போட்டிருந்தேன். "பிரதி எடுக்க வேண்டும்" என்று மூன்று வெவ்வேறு நாட்களில் குறித்தும் வைத்திருக்கிறேன். குறித்த இடம், அதே நாட்குறிப்பு.

"அக்கா, அதில் என் நாட்குறிப்பு இருக்கு. ஏழு மாதம்."

அக்கா பையைக் கீழே வைத்தாள். ஒரு வெங்காயம் உருண்டு ஓடும் சத்தம் கேட்டது. அவள் அதைப் பிடிக்கப் போகவில்லை.

"திரை இருட்டானதுலயே அதுவும் அழிஞ்சு போயிருக்கும்னு நெனச்சேன்" என்றாள். பிறகு, "ரசீதுல நம்பர் இருக்கு" என்று தன் போனை எடுத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. இரண்டாம் முறையும் இல்லை.

"ஜும்ஆ" என்றாள் அக்கா. "அந்தாளு சொன்னாரு, தொழுதுட்டு வந்து எல்லாத்தையும் அழிச்சு அடிக்கிறேன்னு."

பன்னிரண்டு பத்து பஸ்ஸைப் பிடித்தோம். நான் சேலைக்கு மாறவில்லை. வீட்டுச் சட்டைக்கு மேல் அக்காவின் குளிர்ச் சட்டையைப் போட்டிருந்தேன். இதை எழுதுவதற்கு வெட்கமாக இருந்தாலும் நடந்தது நடந்ததுதான். என் கையில் வெள்ளைப் பிரம்பு, அக்காவின் கையில் ரசீது. அவள் அதை விசிறி போல ஆட்டிக்கொண்டே வந்தாள்.

மடவளையில் பஸ் நின்றுவிட்டது. பள்ளிவாசலுக்கு முன்னால் வீதி ஓரமெல்லாம் வாகனங்கள். கொண்டக்டர் இறங்கிப் போய் யாரோடோ பேசிவிட்டு வந்து "நுவர, நுவர" என்று கண்டியின் சிங்களப் பெயரைக் கூவினார், யாரும் ஏறவில்லை. நான் கடிகாரத்தை இரண்டு முறை அழுத்தி நேரம் கேட்டேன்.

"பயப்படாத" என்றாள் அக்கா. "இங்க தொழுகை முடியலன்னா அங்கயும் முடியல. இங்க ஆளுங்க வெளிய வந்தாத்தான் நாம பயப்படணும்."

இந்தக் கணக்கு எனக்குப் பிடித்தது. நாங்கள் இருவரும் அந்தத் தொழுகை நீள வேண்டும் என்று, எங்கள் கையில் செபமாலையோடு, மனதார வேண்டிக்கொண்டோம். பஸ் நகர்ந்து, பொல்கொல்லையில் ஆற்றைக் கடக்கும்போது காற்று குளிர்ந்தது. அக்கா அப்போதுதான் கேட்டாள்.

"ஏன்டி, திரை இருட்டானது உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"தானா இருட்டாச்சா?"

"இல்லை."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள் என்பது தோள் அசைவில் தெரிந்தது. பிறகு பெருமூச்சு விட்டு, "நான் ஜன்னல் பூட்டியிருக்கான்னுதான் பாத்தேன்" என்றாள்.

கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் இறங்கியபோது என் கடிகாரம் ஒன்று ஐந்து என்றது. கடை ஒரு சந்துக்குள். அக்கா என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். வழக்கமாக நான் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடப்பேன், அதுதான் முறை. அன்று முறை பார்க்க நேரமில்லை. கடையின் இரும்புக் கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. அத்தர் மணம் வந்தது.

"கை வைக்காதீங்க!" என்று வாசலிலிருந்தே கத்தினேன்.

"ஏன், என்த்தியன் விஷயம்?" என்றார் கடைக்காரர். நாற்பதைத் தாண்டிய குரல். "வாங்கொ டீச்சர். இப்பத்தான் போன கம்பியூட்டர்ல குத்தினேன். இன்னம் அடிக்கல்ல."

"கழட்டுங்க. பழுது ஒன்றும் இல்லை. நான்தான் திரையை மறைத்து வைத்திருக்கிறேன்."

"நீங்களா? எதுக்கு?"

கடையில் இன்னொரு பெண்ணும் காத்துக்கொண்டிருந்தார். குழந்தை ஒன்று கிலுகிலுப்பை ஆட்டியது. எல்லோரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள். "வேறு ஆள் பார்க்காமல் இருக்க" என்றேன்.

"அல்லாஹ்வே!" என்று சிரித்தார். "டீச்சர், நீங்க சொன்னீங்க கண் தெரியாத தங்கச்சிட போன், திரை செத்தது அவக்குத் தெரியாதுண்டு. எனக்கும் அழுக வந்திச்சி. ஒரு மணித்தியாலம் இதோட சண்டை புடிச்சன். தொட்டா பேசுது, தள்ளினா போகல்ல. ஜின் கின் ஏதும் புகுந்தீக்கோ எண்டும் நெனச்சன்."

ஓர் இயர்போன் கேட்டேன். தந்தார். அதைப் போனில் குத்தினேன். என் போன் பெண் காதுக்குள் பேசினாள். இவ்வளவு நிம்மதியை எந்தக் குரலும் எனக்குத் தந்ததில்லை. புதிய நான்கு இலக்கங்களைத் தட்டினேன். முதல் வேலையாக 'திரையை மறை' என்பதை நீக்கினேன். "ஆ! வந்திட்டு, வந்திட்டு!" என்றார் கடைக்காரர், தானே திருத்தியது போல. இரண்டாவது வேலையாக நாட்குறிப்பைத் திறந்தேன். வியாழக்கிழமை இருந்தது. புதன் இருந்தது. பின்னோக்கி ஒவ்வொன்றாகப் போய், "மழை இல்லை" வரைக்கும் பார்த்துவிட்டுத் திரும்பவும் வியாழனுக்கு வந்தேன். ஒரு நாளும் குறையவில்லை.

அங்கேயே போனைச் சட்டைப் பைக்குள் போட்டிருக்க வேண்டும். ஆனால் கடைக்காரருக்குத் தொழில் பற்று.

"குடுங்கொ ஒருக்கா. திரையெல்லாம் ஒழுங்கா வேல செய்யிதாண்டு பாத்துத் தாறன்" என்று வாங்கி, இயர்போனைப் பிடுங்கிவிட்டு, திரையின் நடுவில் ஒருமுறை தட்டினார்.

ஒருமுறை தட்டினால் வாசிக்கும்.

"வியாழன்" என்றாள் போன் பெண், சந்து முனை வரைக்கும் கேட்கும்படி. "காலை ஐந்து நாற்பது. பருப்பில் உப்பு கூட. தொடர்ந்து மூன்றாம் நாள். சொல்லவில்லை. சொன்னால் நாளைக்கு உப்பே இராது. ஆறு பத்திலிருந்து ஆறு முப்பத்தைந்து வரை அக்கா தன் கடைவாய்ப் பல்லைப் பற்றிப் பேசினாள். பல்லைப் பிடுங்கும் எண்ணம் இருப்பதாகத் தெரியவில்லை."

"நிறுத்துங்க!" என்றேன்.

அவர் பதறிப்போய் மறுபடி தட்டினார்.

"வியாழன். காலை ஐந்து நாற்பது. பருப்பில் உப்பு கூட."

"ஐயோ, இத எப்படி நிப்பாட்டுற?" என்று இன்னொரு முறை தட்டினார். மூன்றாம் முறையாகப் பருப்பில் உப்பு கூடியது. காத்திருந்த பெண் சிரிப்பை அடக்க முயன்று தோற்றார். நான் கையை நீட்டினேன். அவர் போனை எந்தப் பக்கம் பிடித்திருக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை, நான் கை நீட்டுவதை அவர் கவனிக்கவில்லை. அவர் பயத்தில் தொடுவதையே நிறுத்திவிட்டார். அதனால் போன் பெண் தடையில்லாமல் வாசித்துக்கொண்டே போனாள்.

"மாலையில் கோயில். பாட்டின் மூன்றாம் வரியில் அக்காவின் சுருதி இறங்குகிறது. பக்கத்தில் நிற்பவர்களும் மரியாதைக்காகச் சேர்ந்து இறங்குகிறார்கள். திரும்பும்போது மழை. குடை ஒன்று. அக்கா என் பக்கமே பிடித்தாள், நான் நனைந்தது என் இடது கை மட்டும். வீட்டுப் படியேறும்போது வழக்கம்போல அக்கா செபம் சொன்னாள். படிக்கு ஒரு மரியே வாழ்க. முப்பத்தொரு படி, முப்பத்தொரு மரியே வாழ்க. செபமாலையில் பத்து முடிந்ததும் வேறு செபம் வர வேண்டும். அது அக்காவுக்குத் தெரியாததல்ல. அவள் எனக்காகப் படியை எண்ணுகிறாள். எண்ணுவது எனக்குத் தெரியக் கூடாது என்று மாதாவைத் துணைக்கு அழைத்திருக்கிறாள். எனக்குத் தெரியும் என்பதை நான் காட்டிக்கொள்வதில்லை. குறிப்பின் முடிவு."

கிலுகிலுப்பையும் நின்றிருந்தது.

நான் அக்காவுக்காகக் காத்திருந்தேன். அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் ஒருமுறை கேட்டது. பிறகு, வகுப்பறையில் பேசும் குரலில் சொன்னாள்:

"முப்பத்தொன்னு இல்ல. முப்பத்திரண்டு."

"என்ன?"

"படி. முப்பத்திரண்டு. நீ தப்பா எழுதியிருக்க."

"நான் எண்ணியிருக்கிறேன், அக்கா. எத்தனையோ தடவை."

"நீ பெறகுதான் எண்ண ஆரம்பிக்கிற. கீழ ஒன்னு மண்ணுல பொதஞ்சு கெடக்கு. நான் அதுல இருந்துதான் சொல்றேன். ஒரு மரியே வாழ்க உனக்குக் கொறையுதே, யோசிக்க மாட்டியா?"

உப்பு, பல், சுருதி எதைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. என் கணக்குப் பிழையை மட்டும் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு பேருக்கு முன்னால் பிழை பிடிபட்டதில் எனக்கு முகம் சுட்டது. நாட்குறிப்பு அம்பலமானதில்கூட அவ்வளவு சுடவில்லை.

கடைக்காரர் போனை என் கையில் வைத்தபோது அதன் முதுகில் ஏதோ ஒட்டியிருந்தது. தடவிப் பார்த்தேன். காகிதம்.

"சிங்களத்திலயும் தமிழ்லயும் எழுதி ஒட்டியீக்கேன்" என்றார். "'இந்த போன் நல்லம். திருத்த வாணாம்.' இனி யாரும் தூக்கிட்டு வரமாட்டாங்க. டீச்சர், ஒங்களத்தான் சொல்றன்."

"எனக்கும் கண் இருக்கு, வாசிச்சேன்" என்றாள் அக்கா.

திரும்பும் பஸ்ஸில் இடம் கிடைத்தது. அக்கா ஜன்னல் பக்கம். மடவளை தாண்டியதும் தானாகவே சொன்னாள்.

"அந்த அலுமாரி வாங்குறப்ப ரெண்டு சாவி குடுத்தாங்க."

நான் கழுத்துச் சங்கிலியைத் தொட்டுப் பார்த்தேன்.

"இருபத்தொன்பதையுமா?"

"இருபத்தெட்டு. ஒன்னு ரொம்ப சலிப்பா இருந்துச்சு, பாதியிலேயே வச்சிட்டேன்."

எனக்குக் கோபம் வர வேண்டும். வரும் என்றுதான் நானும் காத்திருந்தேன். ஆனால் வத்தேகம வருவதற்குள் என் மனதில் வேறொரு எண்ணம் வந்துவிட்டது. அந்தக் கொப்பிகளில் நான் எழுதியதை இனி எனக்கு வாசித்துக் காட்டக்கூடிய ஆள், இரண்டாவது சாவி வைத்திருக்கும் இந்த ஆள்தான். அதைச் சொல்லவில்லை. "எந்த வருஷம் சலிப்பு?" என்று மட்டும் கேட்டேன். சொன்னாள். சரிதான், அந்த வருடம் நான் அலுவலகக் கோப்பறையில் வேலை பார்த்தேன்.

படியடியில் இறங்கியதும் நான் மேலே ஏறவில்லை. பிரம்பின் நுனியால் மண்ணைத் தட்டினேன். செருப்பைக் கழற்றி, காலால் தடவினேன். புல், ஈர மண், அதற்குள் ஒரு கல்லின் விளிம்பு. நேரான விளிம்பு. வெட்டிய கல்.

"இருக்கா?" என்றாள் அக்கா.

"இருக்கு."

"ம்ம். இப்ப ஏறு." பிறகு, ஒரு நொடி தயங்கி, "சத்தமாவே எண்ணவா, மாதாவயே கூப்பிடவா?" என்று கேட்டாள்.

"மாதாவையே கூப்பிடு. எனக்கு அது பழகிப்போச்சு."

அன்று மாலை திரையை மறுபடி மறைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். அக்கா எதிர்க் கதிரையில் இருந்தாள். சித்தாலேப மணம் அங்கேயே நின்றது, நகரவில்லை.

"படியத் திருத்திட்டியா?"

"திருத்திட்டேன். முப்பத்திரண்டு."

"பருப்பு?"

"அது பிழை இல்லையே. ஏன் திருத்தணும்?"

அக்கா எழும்பிக் குசினிக்குப் போனாள். ஒரு பாத்திரத்தின் மூடி வேண்டியதைவிடக் கொஞ்சம் பலமாக மூடும் சத்தம் கேட்டது. அதை நேரத்தோடு குறித்துக்கொண்டேன்: ஆறு ஐம்பது.

சனி. காலை ஐந்து நாற்பது. மழை இல்லை. போன் கைலேஞ்சியின் மேல் இருந்தது. பருப்பில் உப்பு அறவே இல்லை. தட்டுக்கு வலது பக்கம், என் கை நேராகப் போய் விழும் இடத்தில், உப்புப் போத்தல் வைக்கப்பட்டிருந்தது. மூடியும் கழற்றியே இருந்தது.